டிப்ஸ்டிக் காட்டாத புரதம்: ஒரு நிகழ்வு ஆய்வு

ரத்தப் புரத ரிப்போர்ட்டில் குளோபுலின் கூடியிருந்தால் எலும்பு மஜ்ஜையில் வரும் ரத்தப் புற்றுநோயான மைலோமாவைச் சந்தேகிக்க வேண்டும் என்று மருத்துவப் படிப்பிலேயே மனதில் பதிந்துவிடுகிறது. குளோபுலின் குறைந்திருந்தால் என்ன செய்வது? அந்தக் கேள்வியில்தான் இந்த நிகழ்வு தொடங்குகிறது. நோயாளி, குடும்பத்தார் ஆகியோரின் சம்மதத்தோடு எழுதுகிறேன். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறேன். நான் மதுரையில் பொது மருத்துவம் பார்ப்பவன். ரத்தநோய், சிறுநீரகச் சிறப்பு மருத்துவர்கள் எடுத்த முடிவுகளை அவர்கள் சொன்ன காரணங்களோடு பதிவு செய்கிறேன்.

பின்னணி

சோழவந்தான் பக்கம் வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருக்கும் விவசாயி. வயது 63. சர்க்கரை இல்லை, ரத்த அழுத்தமும் இல்லை. வெற்றிலை போடும் பழக்கம் சிறு வயதிலிருந்தே உண்டு. பொங்கல் முடிந்து கொஞ்ச நாளில் நடு முதுகிலும் இடுப்பிலும் வலி தொடங்கியிருக்கிறது. அகத்தியில் ஏறும் கொடியைக் கட்டுவதும் குனிந்து தண்ணீர் இறைப்பதுமாக உள்ள வேலை. முதுகு வலித்ததில் அவருக்கோ வீட்டாருக்கோ ஆச்சரியம் எதுவும் இல்லை. மெடிக்கலில் வாங்கிய டைக்ளோஃபினாக் மாத்திரையும், வலி கூடிய நாட்களில் ஊசியுமாக மூன்று மாதத்துக்கு மேல் ஓடியிருக்கிறது.

அதற்குள் சோர்வும் சேர்ந்துகொண்டது. ஒரு தனியார் சிகிச்சையகத்தில் எக்ஸ்ரே எடுத்து, வயதுக்கேற்ற தேய்மானம் என்றார்கள். ஹீமோகுளோபின் 9.1. ரத்தம் கம்மி என்று இரும்புச்சத்து மாத்திரை தந்தார்கள். மொத்தப் புரதம் குறைவு என்று ரிப்போர்ட்டில் குறியிட்டு வந்ததால் சத்துக் குறைவு என்று சொல்லி, புரதப் பவுடர் ஒரு டப்பாவும் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். இரண்டு மாதம் மாத்திரை சாப்பிட்டும் ஹீமோகுளோபின் ஏறவில்லை, இறங்கியது. மகன்தான் அவரை என்னிடம் அழைத்து வந்தார்.

முதல் சந்திப்பில் பார்த்தவை

மெலிந்திருந்தார். முதுகெலும்பின் நடுவில் தட்டினால் ஓரிடத்தில் மட்டும் சுருக்கென்று வலித்தது. தசைப்பிடிப்பு வலி பொதுவாக இப்படி எலும்பின் மேல் ஒரே புள்ளியில் நிற்காது. இரவில் புரண்டு படுத்தாலும் வலி என்றார். கால்களில் வீக்கம் இல்லை. சிறுநீரில் நுரை வருகிறதா என்று கேட்டேன். "நுரை வருதுங்க சார், ஆனா அதுலயும் டெஸ்ட் எடுத்துட்டாங்க, ஒண்ணுமில்லைன்னுட்டாங்க" என்றார்.

அன்று எடுத்த பரிசோதனைகளின் முடிவுகள் இவை. ஹீமோகுளோபின் 8.6, சிவப்பணுக்களின் அளவு இயல்பு, ஃபெரிட்டின் இயல்பு. அதாவது இரும்புச்சத்துப் பற்றாக்குறை இல்லை. கிரியாட்டினின் 2.6, யூரியா 84; இரண்டும் சிறுநீரகம் சரியாக வேலை செய்யவில்லை என்று காட்டும் எண்கள். கால்சியம் 10.4, குறைந்திருந்த ஆல்புமினுக்கு ஈடுகட்டிப் பார்த்தால் 10.9 அளவில் வரும். மொத்தப் புரதம் டெசிலிட்டருக்கு 5.2 கிராம், ஆல்புமின் 3.4, குளோபுலின் 1.8. சிவப்பணுக்கள் படியும் வேகத்தைக் காட்டும் ஈ.எஸ்.ஆர். 34 மட்டுமே. சிறுநீரில் தோய்த்துப் பார்க்கும் டிப்ஸ்டிக் பட்டையில் புரதம் 'ட்ரேஸ்', அதாவது மிகச் சிறிதளவு.

முதுகு வலி, மெலிவு, சோர்வு என்று ஒருவர் வந்தால் நம் பக்கத்தில் முதலில் நினைவுக்கு வருவது முதுகெலும்புக் காசநோய். அதற்கான பரிசோதனைகளையும் தொடங்கினோம். ஆதாரம் எதுவும் கிடைக்கவில்லை. மைலோமாவும் மனதில் இருந்தது. ஆனால் மேலோட்டமாகப் பார்த்தால் எண்கள் அதற்கு எதிராக நின்றன. மைலோமா என்றால் ஈ.எஸ்.ஆர். நூறைத் தாண்டும், குளோபுலின் எகிறும், ஆல்புமின்–குளோபுலின் விகிதம் தலைகீழாகும் என்பதுதான் வழக்கமான படம். இங்கே மூன்றுமே இல்லை.

இந்த எண்கள் எங்கிருந்து வருகின்றன

ரிப்போர்ட்டில் உள்ள குளோபுலின் தனியாக அளக்கப்பட்ட ஒன்று அல்ல. மொத்தப் புரதத்தில் ஆல்புமினைக் கழித்தால் கிடைக்கும் மீதிதான் அது. அந்த மீதியில் பெரும்பங்கு, நோய்க்கிருமிகளை எதிர்க்க உடல் தயாரிக்கும் ஆன்டிபாடிகள். அவற்றைத் தயாரிப்பவை எலும்பு மஜ்ஜையில் இருக்கும் பிளாஸ்மா செல்கள். ஒவ்வொரு செல் வம்சமும் தனக்கென ஒரே வகை ஆன்டிபாடியை மட்டும் செய்யும்.

நாள்பட்ட தொற்று, கல்லீரல் நோய், முடக்குவாதம் போன்றவற்றில் பல வம்சங்கள் ஒரே சமயத்தில் வேலை செய்வதால் பலவகை ஆன்டிபாடிகள் கூடுகின்றன. ரத்தப் புரதங்களை மின்சாரத்தால் பிரித்துக் காட்டும் எலக்ட்ரோபோரெசிஸ் வரைபடத்தில் அது யானைமலை மாதிரி அகன்று படுத்திருக்கும். ஒரே வம்சம் கட்டுப்பாடில்லாமல் பெருகினால் ஒரே புரதம் குவிந்து, கோபுரம் மாதிரி ஒற்றைக் கூராக எழும். அதைத்தான் 'எம் பேண்டு' என்கிறோம். குளோபுலின் கூடியிருக்கிறது என்ற எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு இது எந்த வகை என்று சொல்ல முடியாது. அதற்காகத்தான் எலக்ட்ரோபோரெசிஸ்.

இதில் மூன்றாவது வகை ஒன்றும் உண்டு. முழு ஆன்டிபாடி என்பது இரண்டு கனமான சங்கிலிகளும் இரண்டு இலகுவான சங்கிலிகளும் சேர்ந்தது. இலகுவானதை லைட் செயின் என்கிறார்கள். கப்பா, லாம்டா என்று அதில் இரண்டு வகை. மைலோமா நோயாளிகளில் ஏறக்குறைய ஆறில் ஒருவருக்கு, கெட்டுப்போன பிளாஸ்மா செல்கள் கனமான சங்கிலியைச் செய்வதே இல்லை. லைட் செயினை மட்டும் கொட்டித் தள்ளுகின்றன. அது சிறிய மூலக்கூறு. சிறுநீரகம் அதைச் சுலபமாக வடிகட்டிவிடுவதால் முழு ஆன்டிபாடி அளவுக்கு ரத்தத்தில் தேங்குவதில்லை. எனவே மொத்தப் புரதம் கூடாது. நல்ல பிளாஸ்மா செல்கள் நசுக்கப்பட்டு இயல்பான ஆன்டிபாடிகளும் குறைவதால், குளோபுலின் இன்னும் கீழே போகும். ஈ.எஸ்.ஆர். பெரிதாக ஏறாததும் இதனால்தான். அதை ஏற்றுவதில் முழு ஆன்டிபாடிகளுக்குப் பெரும்பங்கு உண்டு.

இப்படிப் பார்த்தால் 1.8 என்ற குளோபுலின் மைலோமாவுக்கு எதிரான சாட்சி அல்ல. சத்துக் குறைவு என்று அதைத் தள்ளிவிடவும் முடியாது. சத்துக் குறைவில் பொதுவாக அடிபடுவது ஆல்புமின். குளோபுலின் மட்டும் இவ்வளவு கீழே போவதற்கு வேறு காரணம் தேட வேண்டும்.

சிறுநீரில் கிடைத்த தடயம்

கிரியாட்டினின் 2.6. சர்க்கரை இல்லை, அழுத்தம் இல்லை. வலி மாத்திரை மட்டுமே காரணமாக இருக்கலாம். அப்படியான நோயாளிகள் வாரம் தவறாமல் வருகிறார்கள். ஆனால் நுரை வருகிறது என்கிறார், டிப்ஸ்டிக் 'ட்ரேஸ்' என்கிறது. இந்த முரண்பாட்டைத் தீர்க்க சிறுநீரில் இரண்டு கணக்குகளைச் சேர்த்தே கேட்டேன்: மொத்தப் புரதம்–கிரியாட்டினின் விகிதம், ஆல்புமின்–கிரியாட்டினின் விகிதம்.

முதலாவது ஒரு கிராம் கிரியாட்டினினுக்கு 5.1 கிராம் என்று வந்தது. இரண்டாவது 150 மில்லிகிராம். சிறுநீரில் கொட்டும் புரதத்தில் ஆல்புமின் மூன்று சதவீதம்கூட இல்லை.

டிப்ஸ்டிக் பட்டையில் இருக்கும் சாயம் ஆல்புமினைத்தான் நன்றாகப் பிடிக்கும். லைட் செயின் அதில் ஏறக்குறைய ஒட்டாது. எனவே பட்டை பொய் சொல்லவில்லை. ஆல்புமின் கொஞ்சம்தான் இருந்தது, அதை மட்டும் சொன்னது. பழைய முறையில் சல்ஃபோசாலிசிலிக் அமிலம் சில சொட்டு விட்டுப் பார்த்தால் எல்லாப் புரதமும் திரியும். எங்கள் ஆய்வகத்தில் ஒரு புட்டி மூலையில் கிடந்தது. சோதனைக் குழாயில் விட்டதும் சிறுநீர் பால் மாதிரி வெளுத்தது. டெக்னீஷியன் பட்டையையும் குழாயையும் பக்கத்தில் வைத்து மறுபடி மறுபடி பார்த்தார். பத்து ரூபாய்கூட ஆகாத இந்தச் சோதனை நம் ஆய்வகங்களிலிருந்து காணாமல் போய்க்கொண்டிருப்பது எனக்கு வருத்தம்தான்.

இந்தப் புரதம் மருத்துவத்துக்குப் புதிதல்ல. 1845-இல் லண்டனில் எலும்பு வலியோடு இருந்த ஒரு மளிகை வியாபாரியின் சிறுநீரை ஹென்றி பென்ஸ் ஜோன்ஸ் என்ற மருத்துவரிடம் ஆய்வுக்கு அனுப்பினார்கள். சூடாக்கினால் திரிந்து, கொதித்தால் கரைந்து, ஆறினால் மறுபடி திரியும் ஒரு புரதத்தை அவர் விவரித்தார். அது லைட் செயின்தான் என்பது 1962-இல்தான் நிரூபணமானது.

எலக்ட்ரோபோரெசிஸ் 'நார்மல்'

இதோடு சீரம் எலக்ட்ரோபோரெசிஸும் அனுப்பியிருந்தோம். "எம் பேண்டு காணப்படவில்லை" என்று பதில் வந்தது. குடும்பம் நிம்மதியாகிவிட்டது. மகன் ரிப்போர்ட்டை நீட்டி, "அதான் நார்மல்னு வந்துருச்சே சார், அப்புறம் எதுக்கு இன்னொரு டெஸ்ட்?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. அடுத்து நான் எழுதியிருந்த, ரத்தத்தில் தனித்து இருக்கும் லைட் செயினை அளக்கும் ஃப்ரீ லைட் செயின் பரிசோதனைக்குச் சில ஆயிரம் ரூபாய் ஆகும். மாதிரியை வெளியூருக்கு அனுப்ப வேண்டும்.

வரைபடத்தை விரித்து அவரிடம் காட்டினேன். கடைசியில், ஆன்டிபாடிகள் சேரும் காமா பகுதி கிட்டத்தட்ட தரையோடு தரையாகக் கிடந்தது, 0.4 கிராம். எம் பேண்டு இல்லை என்பது உண்மை. ஆனால் அங்கே இருக்க வேண்டியதும் இல்லை. "அப்பாவுக்கு ரத்தம் ஏறாததுக்கு இரும்பு காரணமில்லை. கிட்னி கெட்டதுக்குச் சர்க்கரை காரணமில்லை. சிறுநீர்ல போற புரதம் ஆல்புமின் இல்லை. இந்த மூணுக்கும் சேர்த்து ஒரே பதில் சொல்லக்கூடியது இந்த டெஸ்ட்தான் தம்பி" என்றேன். கொஞ்ச நேரம் யோசித்துச் சம்மதித்தார்.

அதற்கிடையில் எடுத்த முடிவுகள்: வலி மாத்திரையை அன்றே நிறுத்தி பாராசிட்டமாலும் ட்ரமடாலும் மட்டும்; தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும்; சி.டி. எடுத்தால் படம் தெளிவாக ஏற்றும் சாய மருந்தைச் செலுத்தாமல்தான் எடுக்க வேண்டும். லைட் செயின் சிறுநீரகக் குழாய்களில் அங்கேயே சுரக்கும் ஒரு புரதத்தோடு சேர்ந்து அடைப்பை உண்டாக்குகிறது. உடலில் நீர் குறைந்தாலும், டைக்ளோஃபினாக் போன்ற மருந்துகள் சிறுநீரகத்துக்கு வரும் ரத்த ஓட்டத்தைக் குறைத்தாலும் அந்த அடைப்பு வேகமெடுக்கும். இந்த நோயாளிக்கு எலும்பு வலிதான் வலி மாத்திரையைத் தேட வைத்தது. அந்த மாத்திரை சிறுநீரகத்தின் சுமையைக் கூட்டியிருக்கும்.

நோய் உறுதியானது

லாம்டா லைட் செயின் லிட்டருக்கு 6,240 மில்லிகிராம். கப்பா 9.8. இரண்டுக்கும் இடையே 600 மடங்குக்கு மேல் வித்தியாசம். சர்வதேச மைலோமா பணிக்குழுவின் 2014 வரையறைப்படி, சம்பந்தப்பட்ட லைட் செயின் மற்றதைவிட 100 மடங்கோ அதற்கு மேலோ இருந்தாலே, மஜ்ஜையில் பிளாஸ்மா செல் பெருக்கமும் உறுதியானால், அது சிகிச்சை தேவைப்படும் மைலோமா. சிறுநீரகம் கெட்டால் இரண்டு லைட் செயினும் சேர்ந்து ஓரளவு உயரும் என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். விகிதம் கொஞ்சம் மாறியிருப்பதைப் பார்த்து யாரும் பதற வேண்டியதில்லை. இவருடைய எண் அந்த வகை அல்ல.

எந்த வகைச் சங்கிலி என்று அடையாளம் காட்டும் இம்யூனோஃபிக்சேஷனில், கூடவே கனமான சங்கிலி எதுவும் இல்லாமல் லாம்டா மட்டும் மெல்லிய கோடாகத் தெரிந்தது. ஐ.ஜி.டி. என்ற ஆன்டிபாடியைச் செய்யும் அரிதான மைலோமா வகையும் இப்படி முகம் காட்டும் என்பதால் அதையும் பார்த்து விலக்கினார்கள். முழு உடல் சி.டி.யில் இரண்டு முதுகெலும்புகளிலும் விலாவிலும் அரித்த ஓட்டைகள். ஒரு முதுகெலும்பு லேசாக நசுங்கியிருந்தது. எக்ஸ்ரேயில் இவை தெரியாததில் வியப்பில்லை. எலும்பில் மூன்றில் ஒரு பங்காவது கரைந்த பிறகுதான் சாதாரண எக்ஸ்ரேயில் ஓட்டை தெளிவாகும்.

மஜ்ஜைப் பரிசோதனையில் பிளாஸ்மா செல்கள் 42 சதவீதம், எல்லாம் லாம்டா வகை. சிறுநீரக பயாப்சி வேண்டாம் என்று சிறுநீரக மருத்துவர் முடிவு செய்தார். லைட் செயின் இவ்வளவு உயரமாகவும் சிறுநீரில் ஆல்புமின் இவ்வளவு குறைவாகவும் இருந்தால் குழாய் அடைப்பு என்றே கொள்ளலாம். சிறுநீரகத் திசுவில் புரதம் படியும் அமிலாய்டாக இருந்தால் ஆல்புமின் கொட்டியிருக்கும், டிப்ஸ்டிக்கும் பளிச்சென்று காட்டியிருக்கும் என்பது அவர் சொன்ன காரணம்.

சிகிச்சையும் அதன் இடறல்களும்

மருத்துவமனையில் சேர்க்கும்போது கிரியாட்டினின் 3.4 ஆகியிருந்தது. மஜ்ஜை எடுத்த அன்று மாலையே டெக்ஸாமெத்தசோன் தொடங்கினார்கள். சிறுநீரகம் சம்பந்தப்பட்ட இடத்தில் எல்லா ரிப்போர்ட்டும் வரட்டும் என்று காத்திருக்கும் ஒவ்வொரு நாளுக்கும் விலை உண்டு என்பது அவர்கள் கணிப்பு. தொடர்ந்து போர்டிசோமிப் ஊசி வாரம் ஒன்று, வயிற்றுத் தோலுக்கடியில். சிறுநீரகம் கெட்டிருந்தாலும் இதன் அளவைக் குறைக்க வேண்டியதில்லை. மூன்றாவது மருந்தாக வழக்கமான லெனலிடோமைடுக்குப் பதில் முதலில் சைக்ளோபாஸ்பமைடு. லெனலிடோமைடு சிறுநீரகம் வழியாக வெளியேறுவதால், கிரியாட்டினின் இறங்கட்டும் என்று தள்ளிவைத்தார்கள். அக்கி வராமல் தடுக்க அசைக்ளோவிர்.

மூன்று வாரத்தில் லாம்டா 1,870-க்கு இறங்கியது. முதல் மூன்று வாரத்தில் அறுபது சதவீதமாவது இறங்கினால் சிறுநீரகம் மீளும் வாய்ப்பு அதிகம் என்பதால் எல்லோரும் காத்திருந்த எண் அது. டயாலிசிஸ் தேவைப்படவில்லை. மூன்றாம் சுற்று முடிவில் லாம்டா 410, கிரியாட்டினின் 1.7.

எல்லாம் நேராகப் போகவில்லை. இரண்டாம் சுற்றில் நிமோனியா வந்து மீண்டும் சேர்க்க வேண்டியதாயிற்று. நல்ல ஆன்டிபாடிகள் இல்லாத உடல். காய்ச்சல் என்றால் கஷாயம் வைத்துப் பார்த்துவிட்டு மறுநாள் வரலாம் என்பது இங்கே செல்லாது. குடும்பத்துக்கு இதை முதல் நாளே சொல்லியிருந்ததால் இரவோடு இரவாக வண்டி பிடித்து வந்துவிட்டார்கள். டெக்ஸாமெத்தசோன் போடும் நாட்களில் சர்க்கரை ஏறியது. நான்காம் சுற்றில் பாதங்களில் எறும்பு ஊர்வதுபோல் மரமரப்பு. போர்டிசோமிப் அளவைக் குறைத்தார்கள்.

எலும்பைக் காக்கும் சோலெட்ரானிக் அமிலத்தைத் தொடங்கத் தாமதமானது. முதல் காரணம் சிறுநீரகம். அடுத்தது பல். அந்த மருந்தில் இருக்கும்போது பல் பிடுங்கினால் தாடை எலும்பு ஆறாமல் அழுகும் அபாயம் உண்டு. ஐம்பது வருடம் வெற்றிலை போட்ட வாய். இரண்டு பற்களை எடுத்து, ஈறு ஆறும்வரை காத்திருந்து, பிறகுதான் மருந்து. வெற்றிலையை விடச் சொன்னபோது மட்டும் முகம் சுருங்கினார். "வித்தவன் போடக்கூடாதுன்னா எப்படிங்க" என்றார். ஆனாலும் விட்டார்.

செலவில் மருந்துகளின் பெரும்பகுதி முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டையில் போனது. லைட் செயின் பரிசோதனைக்கு மட்டும் ஒவ்வொரு முறையும் கையிலிருந்து கொடுத்தார்கள்.

விளைவு

ஆறு சுற்றுகளுக்குப் பிறகு கப்பா–லாம்டா விகிதம் இயல்புக்குள் வந்துவிட்டது. சிறுநீரில் லாம்டா தெரியவில்லை. ஹீமோகுளோபின் 11.2, கிரியாட்டினின் 1.5, அதற்குக் கீழே போகவில்லை. குளோபுலின் 2.4-க்கு ஏறியிருந்தது. புரதம் கூடியதைப் பார்த்து வீட்டில் பயந்தார்கள். அது நல்ல ஆன்டிபாடிகள் திரும்பி வருவது என்று விளக்க வேண்டியிருந்தது.

சொந்த ஸ்டெம் செல்லைச் சேகரித்து, அதிக அளவு மருந்து கொடுத்து, மறுபடி செலுத்தும் சிகிச்சையைப் பற்றி இரண்டு முறை பேசினார்கள். நோயாளி இப்போதைக்கு வேண்டாம் என்றார். லெனலிடோமைடு குறைந்த அளவிலும், ரத்தம் உறையாமல் இருக்க ஆஸ்பிரினும் தொடர்கின்றன. நோய் அடங்கியிருக்கிறது, திரும்ப வரக்கூடியது. காலையில் கொடிக்காலுக்குப் போய் மேற்பார்வை பார்க்கிறார். ஏணியில் ஏறுவதும் சுமை தூக்குவதும் கிடையாது.

இதற்கிடையே அவருடைய சகலை தன் ரிப்போர்ட்டோடு வந்தார். குளோபுலின் 4.9. "அண்ணனுக்குக் கம்மியா இருந்ததுக்கே இவ்வளவுன்னா, எனக்கு இவ்வளவு கூட இருக்கே" என்று தூக்கமில்லாமல் வந்திருந்தார். வரைபடம் அகன்ற மேடாக இருந்தது; எம் பேண்டு இல்லை, லைட் செயின் விகிதம் இயல்பு. தேடியதில் ஹெபடைட்டிஸ் பி கிடைத்தது. அவர் கல்லீரல் மருத்துவரின் கண்காணிப்பில் இருக்கிறார். ஒருவேளை சிறிய எம் பேண்டு இருந்திருந்தாலும் அது உடனே புற்றுநோய் ஆகிவிடாது. 3 கிராமுக்குக் குறைந்த பேண்டு, மஜ்ஜையில் பத்து சதவீதத்துக்குக் குறைந்த பிளாஸ்மா செல், உறுப்புப் பாதிப்பு இல்லை என்றால், அதற்கு 'மங்கஸ்' என்று பெயர். அமெரிக்காவின் மினசோட்டாவில் நடந்த ஆய்வில் 50 வயது தாண்டியவர்களில் சுமார் 3 சதவீதம் பேரிடம் இது இருந்தது. அது மைலோமாவாகவோ அதைச் சார்ந்த நோயாகவோ மாறும் வாய்ப்பு வருடத்துக்குச் சுமார் ஒரு சதவீதம். சிகிச்சை வேண்டாம், தொடர்ந்து பார்த்துவந்தால் போதும்.

எங்களிடம் மாறியவை

பிளாஸ்மா செல் நோயைச் சந்தேகித்தால் எலக்ட்ரோபோரெசிஸை மட்டும் தனியாகக் கேட்பதை நிறுத்திவிட்டோம். இம்யூனோஃபிக்சேஷனும் ஃப்ரீ லைட் செயினும் சேர்த்தே எழுதுகிறோம். செலவு இடிக்கும் இடத்தில், முதலில் சிறுநீரில் புரதம், ஆல்புமின் இரண்டு விகிதங்களையும் பார்த்துவிட்டு முடிவு செய்கிறோம். காரணம் தெரியாமல் கிரியாட்டினின் ஏறிய 40 வயது தாண்டிய யாருக்கும் டிப்ஸ்டிக்கை மட்டும் நம்பிச் சிறுநீரில் புரதம் இல்லை என்று எழுதுவதில்லை. சல்ஃபோசாலிசிலிக் அமிலம் மறுபடி மேசைக்கு வந்துவிட்டது.

எலக்ட்ரோபோரெசிஸ் செய்யும் ஆய்வகத்தாரிடம் இரண்டு கோரிக்கை வைத்தேன். எம் பேண்டு இல்லாவிட்டாலும் காமா பகுதி இயல்புக்குக் கீழே இருந்தால் அதை முடிவுரையில் தனி வரியாக எழுத வேண்டும் என்பது ஒன்று. அதற்கு ஒப்புக்கொண்டார்கள், இப்போது எழுதியும் வருகிறார்கள். குளோபுலின் 2-க்குக் கீழே போனால் மருத்துவரைக் கூப்பிட்டுச் சொல்ல வேண்டும் என்பது இன்னொன்று. தினமும் வரும் மாதிரிகளின் எண்ணிக்கையைக் காட்டி, அது நடக்காது சார் என்றார்கள். அவர்கள் சொன்னதும் சரிதான். அந்த எண்ணைப் பார்க்கும் வேலை ரிப்போர்ட்டைக் கையில் வாங்கும் மருத்துவருடையது.